'சும்மா ஒரு சின்ன டாஸ்க்தான்!' - வேலை தருவதற்கு முன்பே வேலை வாங்கும் இன்டர்வியூக்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அல்லிநகரத்தில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் டவர் தேடிக்கொண்டு நிற்கிறீர்கள். மெயில் வருகிறது. 'வாழ்த்துகள்! அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள்.' மனசு ஒரு துள்ளு துள்ளுகிறது. அம்மாவிடம் இப்போதே சொல்லலாமா, வேலை உறுதியான பிறகு சொல்லலாமா என்று யோசித்தபடியே கீழே ஸ்க்ரோல் செய்தால், 'சும்மா ஒரு சின்ன டாஸ்க்' காத்திருக்கிறது. ஒரு நகைக்கடைக்கு அட்சய திருதியை விளம்பரம். 15 போஸ்டர், மூன்று ரீல்ஸுக்கு ஸ்கிரிப்ட், ஒரு மாதத்துக்கு என்னென்ன போடலாம் என்று ஒரு அட்டவணை. திங்கட்கிழமை காலை 9 மணிக்குள் அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை பகல் முழுக்க பெரியகுளம் ரோட்டில் மொபைல் கடையில் நிற்கிறீர்கள். லேப்டாப் சித்தப்பா மகனுடையது. அவன் ராத்திரி பத்து மணிக்குத்தான் தருவான். வீரப்ப அய்யனார் கோயில் திருவிழாவுக்கு வீட்டில் எல்லாரும் கிளம்புகிறார்கள். 'நான் வரலை, வேலை இருக்கு' என்கிறீர்கள். சொல்லும்போது லேசாக ஒரு பெருமைகூட. ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்கு ஹாட்ஸ்பாட் போட்டு ஃபைலை ஏற்றி அனுப்புகிறீர்கள். 'பெற்றுக்கொண்டோம். பரிசீலிக்கிறோம்' என்று தானியங்கி பதில் ஒன்று வருகிறது. அவ்வளவுதான். அதன் பிறகு அந்த முகவரியிலிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை.

அட்சய திருதியை அன்று இன்ஸ்டாவில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. வாசகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. எங்கேயோ இல்லை, சித்தப்பா மகன் லேப்டாப்பில்தான்.

இது தனி ஒருவரின் கதை இல்லை. ஆனால் கடைசிக் காட்சியைத் தவிர மீதி எல்லாம் வேலை தேடும் உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ ஒருமுறையாவது நடந்திருக்கும். டிசைன், கன்டென்ட், வீடியோ எடிட்டிங், கோடிங், மொழிபெயர்ப்பு, டேட்டா என்ட்ரி, டீச்சர் வேலை என எதற்குப் போனாலும் இன்று ஒரு டாஸ்க் இருக்கிறது. சம்பளமில்லாத டாஸ்க். அது டெஸ்ட்டா, உழைப்பா என்பதுதான் கேள்வி.

வெல்டர் ஒட்டிய இரும்பு

டெஸ்ட் வைப்பதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. உங்கள் சொந்தத்தில் யாராவது கல்ஃபுக்கு வெல்டராகவோ ஃபிட்டராகவோ போயிருந்தால் கேட்டுப் பாருங்கள். 'ட்ரேடு டெஸ்ட்' பற்றிச் சொல்வார். கையில் இரண்டு இரும்புத் துண்டைக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொல்வார்கள். பக்கத்திலேயே ஒருவர் நின்று பார்ப்பார். ஒட்டி முடித்த துண்டு பழைய இரும்பில் போய்ச் சேரும். அதை வைத்து யாரும் பாலம் கட்டுவதில்லை.

டைப்ரைட்டிங் பரீட்சையும் அப்படித்தான். ஜூனியர் என்றால் நிமிஷத்துக்கு 30 சொல், சீனியர் என்றால் 45. எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே நேரம். நீங்கள் அடித்துக் கொடுத்த பக்கத்தால் பரீட்சை வைத்தவருக்கு எந்த லாபமும் இல்லை. தையல் கடையில் 'காலர் தைச்சுக் காட்டு' என்று ஒதுக்கிப் போட்ட துணியைத்தான் கொடுப்பார்கள். கஸ்டமர் துணியைக் கொடுக்க எந்த டெய்லருக்கு மனசு வரும்?

பரோட்டா கடை கொஞ்சம் சிக்கலான கேஸ். புது மாஸ்டரை வரச்சொல்லி, 'நாலு வீசிக் காட்டுப்பா' என்பார் முதலாளி. அந்தப் பரோட்டா கடையில் விற்கத்தான் செய்யும். ஆனாலும் நமக்கு அது தப்பாகத் தெரிவதில்லை. ஏன்? முதலாளி கல்லாவை விட்டு எழுந்துவந்து கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அரைமணி நேரத்தில் 'சரி, நாளைக்கு வா' அல்லது 'இல்லப்பா, பார்த்துக்கலாம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். சாப்பிடச் சொல்லி அனுப்புகிறார். கை பார்க்கிறவரின் நேரமும் அதில் செலவாகிறது. அதனால்தான் அந்த டெஸ்ட் அரைமணி நேரத்தைத் தாண்டுவதில்லை. எந்த முதலாளியும் மூன்று நாள் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் டாஸ்க்கில் மாறியது இதுதான். நிறுவனத்துக்குச் செலவு ஒரே ஒரு மெயில். அதை 10 பேருக்கு அனுப்பினாலும் ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் ஒரே செலவு. வந்து சேர்கிறதில் முதல் 20 ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. ஆயிரம் பேர் ஆளுக்கு 15 மணி நேரம் உழைத்தால் மொத்தம் 15,000 மணி நேரம். ஒரு ஆள் நாளுக்கு எட்டு மணி நேரம் என்று லீவே எடுக்காமல் வேலை பார்த்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தனையும் ஒரே ஒரு காலியிடத்துக்காக, ஒரே ஒரு வார இறுதியில், சும்மா போகிறது. டாஸ்க்கின் நீளத்துக்குக் கடிவாளம் போட்டுக்கொண்டிருந்தது பார்க்கிறவரின் நேரம்தான். அந்தக் கடிவாளம் கழன்றுவிட்டது.

போதாக்குறைக்கு ஏ.ஐ. வந்து எல்லா ரெஸ்யூமேயையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது. யார் உண்மையாகத் தெரிந்தவர் என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. 'செய்து காட்டு' என்கிறார்கள். செய்து காட்டுவதையும் ஏ.ஐ. செய்துவிடும் என்ற பயத்தில் டாஸ்க் இன்னும் பெரிதாகிறது. நிறுவனங்கள் பக்கத்து நியாயம் இது. முழுப் பொய்யும் இல்லை.

நமக்குத்தான் டெஸ்ட் அதிகம் தேவை

இதைச் சொன்னால் கொஞ்சம் கசக்கும். ஆனாலும் சொல்ல வேண்டும். டெஸ்ட்டே கூடாது என்று யாராவது கொடி பிடித்தால், தேனிக்காரர்கள் அவர்கள் பின்னால் போகக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். டெஸ்ட் இல்லாவிட்டால் எதை வைத்து ஆள் எடுப்பார்கள்? காலேஜ் பெயரை வைத்து. தெரிந்தவர் சொன்னதை வைத்து. இன்டர்வியூவில் இங்கிலீஷ் எவ்வளவு சரளமாக வழுக்கிக்கொண்டு வருகிறது என்பதை வைத்து. இந்த மூன்றிலும் போடியிலோ கம்பத்திலோ படித்து வந்தவர் பின்வரிசைதான். அவருடைய கை வேலை பேசட்டும் என்றால் அதற்கு ஒரு டெஸ்ட் வேண்டும்.

முன்பு இதற்கே சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர். போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பரோடு நின்றுபோனது. அகலப்பாதையில் தேனிக்கு மறுபடி ரயில் வர 2022 மே வரை ஆனது. போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் 2023 ஜூனில்தான் வந்தது, அதுவும் வாரத்துக்கு மூன்று நாள். இடைப்பட்ட காலமெல்லாம் ராத்திரி பஸ்தான். விடியற்காலையில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, அயர்ன் கலைந்த சட்டையோடு பத்து நிமிஷ இன்டர்வியூவுக்கு நின்ற அண்ணன்மார் இந்த ஊரில் நிறைய பேர். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் வீட்டிலிருந்தே செய்து அனுப்பும் டாஸ்க் ஒரு வரம்தான்.

வரம் எங்கே திரும்பிக் கடிக்கிறது என்றால், டாஸ்க்குக்கு வேண்டிய நேரம் யாரிடம் இருக்கிறது என்ற இடத்தில். அப்பா சம்பளத்தில் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து வேலை தேட முடிகிற பையனுக்கு 15 மணி நேர டாஸ்க் ஒரு பயிற்சி மாதிரி. பகலில் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு ராத்திரி லேப்டாப் கடன் வாங்குகிறவருக்கு அது இரண்டு ராத்திரித் தூக்கம். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு அது நடக்காத காரியம். திறமை பார்க்கிறேன் என்று ஆரம்பித்த டெஸ்ட், யாருக்கு ஓய்வு நேரம் இருக்கிறது என்று பார்ப்பதில் போய் முடிகிறது. பின்வரிசைக்குத் திறந்த கதவு பின்வரிசையையே தள்ளிவிடுகிறது.

டெமோ கிளாஸ் முதல் டேட்டா என்ட்ரி வரை

ஐ.டி., டிசைன் பக்கம் மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். பி.எட். முடித்தவர்களைக் கேளுங்கள். 20 நிமிஷம் டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வது நியாயம். பின் பெஞ்சில் ஹெச்.எம். உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும் நாலு கேள்வி கேட்பார். ஆனால் ஜூன் மாதம் ஸ்கூல் திறந்ததும், 'ஒரு வாரம் கிளாஸ் எடுங்க மிஸ், பசங்களுக்குப் பிடிக்குதான்னு பார்ப்போம்' என்றால்? அந்த ஒரு வாரமும் பின் பெஞ்சில் யாருமே இல்லை என்றால்? அங்கே காலியான ஒரு வகுப்பை ஓசியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நின்று பார்க்க ஆள் இல்லாத டெமோ, டெமோவே இல்லை.

மொழிபெயர்ப்பில் இன்னொரு வித்தை உண்டு. முந்நூறு சொல் கொடுத்து மொழிபெயர்த்துக் காட்டச் சொல்வது வழக்கம்தான். ஆனால் ஐந்து பக்கம் வருகிறது. அது நடுவில் ஆரம்பித்து நடுவில் முடிகிறது. நண்பருக்கு வந்த 'டெஸ்ட்'டைக் கேட்டால், அது வேறு ஐந்து பக்கம். சந்தேகமே வேண்டாம், யாரோ ஒரு முழுப் புத்தகத்தைக் கூறு போட்டிருக்கிறார்கள். உண்மையான டெஸ்ட்டில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தான் வரும். ஆளை ஆளோடு ஒப்பிட வேண்டும் என்றால் வேறு வழியே கிடையாது. ஆளுக்கு ஒரு கேள்வித்தாள் வந்தால் அவர்கள் ஒப்பிடப்போவதில்லை என்று அர்த்தம்.

டேட்டா என்ட்ரிக்கு வந்தால் கதை மோசடிப் பக்கமே போய்விடுகிறது. 'ட்ரையல் ஒர்க்' என்று நூற்றுக்கணக்கான படிவங்களைக் கொடுத்து, ஆதார் எண், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் 'உங்க அக்யூரசி பத்தலை, ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, வக்கீல் நோட்டீஸ் வரும், பணம் கட்டுங்க' என்று மிரட்டுவது நாடு முழுக்க நடக்கும் பழைய மோசடி. வேலைக்கு எடுப்பவர் உங்களிடம் பணம் கேட்ட கணமே அது இன்டர்வியூ இல்லை. பயந்து பணத்தைக் கட்டிவிட்டீர்கள் என்றாலும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

பெரிய இடத்துப் பெரிய மனிதர்களும் இந்த விளையாட்டை ஆடிப் பார்த்தார்கள். 2024 நவம்பரில் ஜொமாட்டோவின் தீபிந்தர் கோயல் தனக்கு 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' வேண்டும் என்று அறிவித்தார். முதல் வருஷம் சம்பளம் கிடையாது. உல்டாவாக, சேருகிறவர் 20 லட்சம் ரூபாய் நன்கொடையாகக் கட்ட வேண்டும்! ஒரே நாளில் 10,000 பேருக்கு மேல் விண்ணப்பித்ததாக அவரே சொன்னார். பிறகு, அந்த 20 லட்சம் சும்மா ஒரு வடிகட்டிதான், வாங்கப் போவதில்லை என்றார். வடிகட்டியில் யார் தங்குவார்கள், யார் கீழே விழுவார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டெஸ்ட்டா, ட்ரெயினிங்கா, வேலையா?

நம் ஊர் இன்ஜினீயரிங் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இன்ஃபோசிஸ் விவகாரம். 2022-ல் கேம்பஸில் தேர்வாகி ஆஃபர் லெட்டர் வாங்கிய சுமார் 2,000 பேர் இரண்டு வருஷத்துக்கு மேல் வேலையில் சேரக் காத்திருந்தார்கள். புனேயைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் அமைப்பான 'நைட்ஸ்' 2024 ஆகஸ்ட்டில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. காத்திருப்பவர்களை ஜூலை 1 முதல் 24 வரை சம்பளமே இல்லாமல் ஆன்லைன் முன்பயிற்சியில் உட்கார வைத்தார்கள் என்பது அந்தப் புகாரில் ஒரு பகுதி. கொடுத்த ஆஃபரை எல்லாருக்கும் காப்பாற்றுவோம் என்றது நிறுவனம். அப்படியே சேர்த்தும் கொண்டது.

2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து அதே பேட்ச்காரர்கள் 300-க்கும் மேற்பட்டோர் வெளியே அனுப்பப்பட்டார்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்புகள் கொடுத்தும் தேறவில்லை, இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது இன்ஃபோசிஸ். வெளியேற்றப்பட்டவர்கள் 700 பேர் என்றது நைட்ஸ்.

யார் கணக்கு சரி என்ற பஞ்சாயத்து இருக்கட்டும். கேம்பஸில் ஒரு தேர்வு, இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர், இரண்டு வருஷக் காத்திருப்பு, சம்பளமில்லாத முன்பயிற்சி என்ற புகார், பிறகு சம்பளத்தோடு பயிற்சி, மறுபடி மூன்று தேர்வு. இதில் எந்த நாளில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார் என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறதா? வாசற்படி இவ்வளவு அகலமாகிவிட்டால், வாசலில் நிற்கிறோமா வீட்டுக்குள் இருக்கிறோமா என்பதே தெரியாது. உள்ளே இருப்பவருக்குத்தான் சட்டம் சம்பளம் கேட்டுத் தரும். வாசற்படியில் நிற்பவருக்கு இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

வேலைக்கு முன்னால் வைக்கிற டெஸ்ட்டுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கின, குறைந்தபட்சக் கூலியை எல்லாத் தொழில்களுக்கும் நீட்டின. நல்ல விஷயங்கள்தான். ஆனால் அவை பேசுவது வேலையில் இருப்பவரைப் பற்றி. வேலை கேட்டு நிற்பவரைப் பற்றி அல்ல.

அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு கூலி கொடுக்காத கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், 1982-ல், நீதிபதி பி.என். பகவதி அந்தப் பிரிவுக்கு ஒரு புது அர்த்தம் கொடுத்தார். கட்டாயம் என்றால் சாட்டையும் தடியும் மட்டும் இல்லை, வேறு வழியில்லாத பசியும் வறுமையும்கூடக் கட்டாயம்தான். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு. வேலையில்லாத ஒரு பட்டதாரி ராத்திரி இரண்டு மணிக்கு 'விருப்பப்பட்டு' 15 போஸ்டர் போடுவதை இந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்த்தால் எப்படித் தெரியும்? நீதிமன்றம் இதுவரை கொண்டுபோகுமா என்பது வேறு. கேள்வி நியாயமானதுதான்.

உடனடியாகக் கைக்கு உதவுவது இன்னொரு சட்டம், 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். அதன் 17-வது பிரிவின்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர்தான். வேலையில் இருக்கும்போது, வேலையின் பகுதியாகச் செய்தால் உரிமை முதலாளிக்குப் போகும். நீங்கள்தான் இன்னும் வேலையில் சேரவில்லையே! காசு கொடுத்துச் செய்யச் சொன்ன புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றில் உரிமை காசு கொடுத்தவருக்குப் போகும். உங்களுக்குத்தான் காசே கொடுக்கவில்லையே! ஆக, ஓசியில் வாங்கிய அந்தக் காரணத்தாலேயே உங்கள் போஸ்டரும் ஸ்கிரிப்ட்டும் உங்களுடையவை. உரிமையை அவர்களுக்கு மாற்ற வேண்டும் என்றால் நீங்கள் எழுத்தில் கையெழுத்திட வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. நீங்கள் எழுதிய கோடுக்கும் இதுதான். சட்டத்தின் கணக்கில் கம்ப்யூட்டர் புரோகிராம் ஓர் 'இலக்கியப் படைப்பு'. உங்கள் பைத்தான் கோடைப் பார்த்து யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஓர் ஓட்டை உண்டு. சட்டம் காப்பது நீங்கள் எழுதிய வாசகத்தை, வரைந்த படத்தை. 'அட்சய திருதியைக்குப் பாட்டியும் பேத்தியும் வருகிற மாதிரி ஒரு ரீல்' என்ற வெறும் ஐடியாவை அது காக்காது. உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாரதிராஜா பிறந்த ஊர்க்காரருக்குக் கதைப் பஞ்சாயத்து ஒன்றும் புதிதில்லை. 2018-ல் 'சர்கார்' வெளிவருவதற்கு முன் வருண் ராஜேந்திரன் தன்னுடைய 'செங்கோல்' கதைதான் அது என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? எழுத்தாளர் சங்கத்தில் அவர் கதையை முன்பே பதிந்து வைத்திருந்தார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், படத்தில் அவர் பெயரைப் போடுவதாகச் சமரசம் ஆனது. அவரிடம் தேதியோடு ஒரு தாள் இருந்தது. பேச்சுவார்த்தை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

உங்களுக்கான தாள், நீங்கள் அனுப்பிய மெயில். அதனால் டாஸ்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலும் மெயிலிலும் ஒரு பிரதி போடுங்கள். ஒரிஜினல் ஃபைலைக் கொடுக்காதீர்கள். போஸ்டர் என்றால் குறைந்த தரத்தில், குறுக்கே உங்கள் பெயரோடு. வீடியோ என்றால் வாட்டர்மார்க்கோடு. கோடு என்றால் உங்கள் சொந்த கிட்ஹப் கணக்கில் வைத்து லிங்க். 'இது தேர்வு மதிப்பீட்டுக்கு மட்டும். வேறு உபயோகத்துக்கு என் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்' என்று ஒரு வரி. மெயிலோடு வருகிற படிவத்தில் 'சமர்ப்பிக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை டிக் செய்துவிட்டு மேலே சொன்ன 17, 19 எல்லாம் பேசினால் வாதம் பலவீனமாகிவிடும்.

திருடிப் போட்டேவிட்டார்கள் என்றால்? தேனியிலிருந்து வக்கீல் வைத்து வழக்கு நடத்துவது நடக்காத காரியம். ஆனால் இன்ஸ்டா, யூடியூப், கிட்ஹப் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. பைசா செலவில்லை. ஒரு நகைக்கடையின் விளம்பரம் அட்சய திருதியை அன்று காலை திடீரென மறைந்தால், ஏஜென்சிக்கு போன் பறக்கும். சில சமயம் நீதிமன்றத்தைவிட அது வேகம்.

மற்ற ஊர்களில்

ஆஸ்திரேலியாவில் சம்பளமில்லாத ட்ரையலுக்கு அளவு உண்டு. திறமையைக் காட்ட எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவுதான். வேலையைப் பொறுத்து ஒரு மணி நேரத்திலிருந்து அதிகபட்சம் ஒரு ஷிஃப்ட். அந்த நேரம் முழுக்க மேற்பார்வைக்கு ஆள் இருக்க வேண்டும். நம் பரோட்டா முதலாளி கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார் இல்லையா, அதையேதான் அங்கே அரசாங்க விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஓசி ட்ரையலைத் தடை செய்ய ஸ்டீவர்ட் மெக்டொனால்ட் என்ற எம்.பி. கொண்டுவந்த மசோதா 2018 மார்ச்சில் விவாதத்துக்கு வந்தது. நேரம் முடியும்வரை பேசிப் பேசியே அதைக் கொன்றுவிட்டார்கள். ஜெர்மனியில், ட்ரையல் நாளில் குப்பை லாரியிலிருந்து விழுந்து அடிபட்ட ஒருவருக்கு விபத்துக் காப்பீடு உண்டு என்று 2019-ல் அந்நாட்டு சமூகப் பாதுகாப்பு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அன்று செய்தது அந்த நிறுவனத்துக்குப் பயனுள்ள வேலை என்பதுதான் காரணம். வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், நீண்ட ட்ரையல் புராஜெக்ட் கொடுத்து, அதற்கு மணிக்கு 25 டாலர் என்று எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் கொடுத்துவந்தது. பணம் கொடுத்தால் கம்பெனி மூழ்கிவிடும் என்று யாராவது சொன்னால் இது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, அடுத்த மெயில் வந்தால்?

'மாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள் என்று ஏ.சி. ரூமில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். வேலை தேவைப்படுகிறவரால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கேட்கலாம். கேட்பதால் ஆஃபர் போய்விடும் என்று நினைக்கிறோம். பதில் சொல்லத் தெரிந்த நிறுவனத்தில் அப்படிப் போவது அபூர்வம்.

என்ன கேட்பது? முதலில், 'இதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கணும்னு எதிர்பார்க்கறீங்க?' இரண்டு, மூன்று மணி நேரம் என்று பதில் வந்தால் அந்த நேரத்தில் எவ்வளவு முடிகிறதோ அதை மட்டும் செய்து, 'மூன்று மணி நேரத்தில் செய்தது' என்று எழுதி அனுப்புங்கள். 15 போஸ்டர் கேட்ட இடத்தில் இரண்டு நல்ல போஸ்டர் போதும். உங்கள் கை எப்படி என்று இரண்டிலேயே தெரிந்துவிடும். பதினைந்தும் வேண்டும் என்று அடம்பிடித்தால் அவர்களுக்குத் தேவை உங்கள் கை இல்லை, போஸ்டர்.

அடுத்து, 'இது உண்மையான கஸ்டமருக்கா, கற்பனை கஸ்டமருக்கா?' என்று கேளுங்கள். உண்மையான கஸ்டமர் என்றால், 'நான் வேறொரு கற்பனைக் கடைக்குச் செய்து தரட்டுமா?' இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும். திறமையைப் பார்க்கிறவருக்கு எந்தக் கடையாக இருந்தாலும் ஒன்றுதான். பிறகு, யார் பார்ப்பார்கள், என்றைக்குப் பதில் வரும் என்று கேட்டு வையுங்கள். பெரிய டாஸ்க் என்றால், 'இதுக்கு ட்ரையல் பேமென்ட் உண்டா?' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஒரே டாஸ்க் மெயில் உங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் நாலு பேருக்கு வந்திருக்கும். அவரவர் ரகசியமாக வைத்துக்கொள்கிறோம், போட்டி என்று. குரூப்பில் போடுங்கள். கேள்வித்தாள் ஒன்றா, வேறு வேறா என்று அப்போதுதான் தெரியும். போன வருஷம் இதே நிறுவனத்துக்கு இதே டாஸ்க்கைச் செய்துகொடுத்த சீனியர் ஒருவர் அங்கேயே இருக்கலாம். அந்த வேலைக்கு யாரையாவது எடுத்தார்களா என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்விகளை நாலே வரியில், மரியாதையாக, மெயிலில் அனுப்பிவிட்டு மொபைலைக் கவிழ்த்து வையுங்கள். சித்தப்பா மகனிடம் லேப்டாப் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். பதில் வந்த பிறகு ஃபைலைத் திறந்துகொள்ளலாம்.